ஜோடி மெஷின்

தாவீது அன்றைக்கு முப்பத்தோராவது பம்பை மிதித்துக்கொண்டிருந்தார். இடது கை சுவரில், வலது கால் பெடலில். இருபது மிதிக்குள் மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட வேண்டும். தொட்டதும் காலை எடுத்துவிட்டு ரப்பர் குழாயின் நுனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஐந்து எண்ணுவார். காற்று திரும்பி உள்ளங்கையில் அடித்தால் பம்பு ஃபெயில். அடிக்காவிட்டால் அட்டையில் இரண்டு கோடு, முள்ளுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. அவருக்கு எழுதத் தெரிந்தது தன் பெயரும் அந்தக் கோடுகளும்தான்.

பென்னலூரைத் தாண்டி பெரிய ரோட்டை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கம்பெனி. செய்கிற சாமான் ஒன்றே ஒன்று. காலால் மிதித்தால் உறிஞ்சும் பம்பு. கரண்டு போய்விட்டால் ஆபரேஷன் டேபிளிலும் பிரசவ வார்டிலும் தொண்டையில் அடைத்த சளியை, ரத்தத்தை உறிஞ்சி எடுக்க அதுதான் கதி. எடுத்தது ஒரு கண்ணாடி ஜாடியில் விழும்.

ஜாடியின் வாயில் எட்டணா அளவுக்கு ஒரு ரப்பர் வட்டம் இருக்கும். காற்றை ஒரு பக்கம் விடும், மறு பக்கம் விடாது. அதற்கென்று ஜன்னலோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் நான்கு பெண்கள். ரப்பர் ஷீட்டில் வட்டம் வெட்டும் இரும்புப் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் தட்டி எடுப்பார்கள். கட்டை விரலால் உப்புத்தாளில் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து வெற்றிலை கனத்துக்குக் கொண்டுவருவார்கள். சாக்பவுடர் தடவி மூடியில் பொருத்தி, உதட்டில் வைத்து உறிஞ்சிப் பார்ப்பார்கள். மாலையில் நாலு பேர் உதடும் வெள்ளையாக இருக்கும்.

அந்த நான்கில் மூத்தவள் சந்திரம்மாள். செங்கல் சூளையில் பதினைந்து வருஷம் கல் சுமந்தவள். இடுப்பு போய், எழுந்தால் உட்கார முடியாது உட்கார்ந்தால் எழ முடியாது என்று ஆனபோது இந்தப் பெஞ்சு கிடைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபேனுக்குக் கீழே செய்கிற வேலை. நாலு வருஷமாக ஒரு நாள் லேட்டாக வந்ததில்லை.

வெள்ளை அம்பாசடர் ஒன்று கேட்டுக்குள் நுழைந்தது. பெஞ்சில் இரண்டாவதாக உட்கார்ந்திருந்த ராஜம்மா எட்டிப் பார்த்தாள்.

"மெட்ராஸ் ஐயா மறுபடியும் வந்துகினாரு. இன்னாத்துக்குடி இவரு வாரா வாரம்?"

"நம்ம பம்புக்கு ஜோடி பாக்கறாராம். ஆபீசுல பேசிக்கினாங்க" என்றாள் சந்திரம்மாள்.

"பம்புக்கா? எம் பொண்ணுக்குப் பாக்கச் சொல்லேன். அண்ணே, நீ பேசேன். உனக்குத்தான் பெரிய எடமெல்லாம் பழக்கமாச்சே."

"வேலயப் பாரு. கண்ணு ரோட்டுல, கை உப்புத்தாள்ல. வட்டம் கோணப்போவுது" என்றார் தாவீது.

அரை மணி கழித்து அவரையே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

மேனேஜர் சக்ரபாணி ஸ்ரீபெரும்புதூர் சன்னிதித் தெருக்காரர். நெற்றியில் நாமம் கலையாமல் ஆறு மணி வரைக்கும் வேலை பார்ப்பார். எதிரே ரகுநந்தன், மெட்ராஸ்காரர். கம்பெனிகளுக்குப் பேப்பர் வேலை செய்து கொடுப்பவர். அவர்தான் பேசினார்.

"தாவீது, நீங்க முன்னாடி மிஷன் ஆஸ்பத்திரியில இருந்தீங்களாமே?"

"இருந்தேன். இருபது வருசம். அட்டெண்டரு. ரிப்பேரும் பாப்பேன்."

"அங்க அமெரிக்காவுலேருந்து வந்த கால் பம்பு ஒண்ணு உண்டாமே?"

"கீது. அதப் பாத்துத்தான் இங்க மொத பம்பே செஞ்சோம். மேனேஜர் ஐயாவுக்குத் தெரியுமே. எதுக்குக் கேக்கறீங்க?"

தாவீதுக்கு யாரையும் ஒரு தடவையில் நம்புகிற பழக்கம் இல்லை. ரகுநந்தன் பொறுமையாகவே சொன்னார். ரூபாய் மதிப்பை இறக்கின ஜூலையிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புவதுதான் லாபம். அமெரிக்காவில் ஒருவன் பம்பு கேட்கிறான். அங்கே விற்க வேண்டுமானால் அந்த ஊர் சர்க்காருக்கு எழுதிப் போட வேண்டும். ஏற்கெனவே அங்கே விற்றுக்கொண்டிருக்கிற ஒரு மெஷினைக் காட்டி, எங்களுடையதும் இதுவும் சமம் என்று ருசுவாக்கினால் போதும். எதைக் காட்டுவது என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"இப்ப அங்க விக்கறதெல்லாம் கரண்டு மெஷின். அதோட நம்ம கால் பம்பு நிக்காது. ஆனா எழுபத்தாறுல அவங்க சட்டம் வர்றதுக்கு முன்னாடி வித்ததா இருந்தா, அதையும் காட்டலாம். உங்க ஆஸ்பத்திரி மெஷின் அறுபத்தெட்டு."

"எதுக்கு சமம்னு காட்டணும்? நல்லதுக்கா, மட்டத்துக்கா?"

ரகுநந்தன் சிரித்தார். "எதை ஜோடின்னு காட்டறோமோ, அதுக்கு."

"அது இப்ப யாரும் செய்யாத பழசாச்சே சார்."

"அதனால என்ன? இதுவும் அதுவும் ஒண்ணுன்னுதானே கேக்கறான்? எது ஒசத்தின்னு கேக்கலையே."

சக்ரபாணி குறுக்கே வந்தார். "வியாக்கியானமெல்லாம் அப்புறம். ஆஸ்பத்திரி சிஸ்டருக்கு லெட்டர் தரேன். போய் எடுத்துண்டு வா. ஒரு மாசத்துல திருப்பிக் கொடுத்துடலாம்."

மறுநாள் தாவீது போய் மெஷினைக் கோணிப்பையில் கட்டி பஸ் ஏறினார். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அந்த ரோட்டில் போலீஸ் சோதனை ஓயவில்லை. ஊருக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். கோணிக்குள் இரும்பு, பெடல், குழாய், மீட்டர். கான்ஸ்டபிள் இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"இன்னாய்யா இது?"

"பம்பு. சளி உறிஞ்சறது."

"யாரு சளி?"

"யாருக்கு வந்தாலும். உங்களுக்கு வந்தாலும் உறிஞ்சும்."

அந்தப் பதிலுக்கு ஒன்றரை மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. கடைசியில் சப்-இன்ஸ்பெக்டர் வந்து, மிதித்துக் காட்டச் சொல்லி, குழாயைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பிறகே விட்டார். "நல்லா இழுக்குதே" என்றார். தாவீதுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம். அந்த மெஷின் அப்படி இழுப்பதற்குக் காரணம் யார் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மேஜையில் இரண்டு பம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பழசுக்குப் பச்சைப் பெயிண்ட், பித்தளைத் தகட்டில் இங்கிலீஷ் எழுத்து, வருஷம். புதுசுக்கு வெள்ளைப் பெயிண்ட். ரகுநந்தன் டேப் வைத்து அளந்தார். ஜாடியில் எத்தனை கொள்ளும், பெடல் எவ்வளவு இறங்கும், குழாய் எத்தனை தடிமன். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அரவிந்தவல்லி இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டாள். தாவீது இரண்டையும் மாற்றி மாற்றி மிதித்துக் காட்டினார். இருபது மிதியில் இரண்டு முள்ளும் ஒரே இடத்துக்கு வந்தன.

ரகுநந்தன் பழைய ஜாடியின் மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே கறுப்பாக ஒரு ரப்பர் வட்டம். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதப் பாருங்க சார்! வால்வுகூட அப்படியே இருக்கு. அறுபத்தெட்டுலயே எவ்வளவு யோசிச்சிருக்கான் பாருங்க. பம்புக்குள்ள ஒரு தோல் வால்வு, அது போதாதுன்னு ஜாடி வாயில ரெண்டாவது. அமெரிக்காக்காரன் அமெரிக்காக்காரன்தான்."

சக்ரபாணியும் தலையாட்டினார். "நம்மவாளுக்கு இந்த மூளை வருமோ?"

தாவீது பெடலிலிருந்து காலை எடுத்தார்.

"அது அமெரிக்காக்காரன் வெச்சது இல்ல சார்."

"என்னது?"

"அத வெச்சவன் நானு. சைக்கிள் டியூப்பு. மோந்து பாருங்க. அந்த ஊர் ரப்பரு இந்த நாத்தம் நாறாது."

ரகுநந்தன் நிஜமாகவே மோந்து பார்த்தார்.

"எழுபத்திநாலு. சித்திரை வெயிலு. உள்ள இருக்கற தோலு அவனுங்க ஊர் குளுருக்கு வெச்சது. இங்க காஞ்சு சுருட்டிக்கிச்சு. பொறந்த கொழந்தைக்கு வாயில குழாய விட்டு மிதிக்கறாங்க, உறிஞ்சினது அத்தினியும் திரும்பி உள்ள அடிச்சிருச்சு. பொம்பளப் புள்ள. அழவே இல்ல. நான்தான் பக்கத்துல ஆக்சிஜன் சிலிண்டர புடிச்சிகினு நிக்கறேன். டாக்டரம்மா மெஷினத் தூக்கிக் கெடாசிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் உக்காந்து இத வெட்டி வெச்சேன். அப்புறம் பதிமூணு வருசம் ஒரு தடவ கூட திருப்பி அடிக்கல. எம் மூளைதான் சார் அது. நம்மாளு மூளை."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். யாராவது ஏதாவது சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்தார். அரவிந்தவல்லி எழுதுவதை நிறுத்திவிட்டு மேனேஜரைப் பார்த்தாள். ரகுநந்தன் அந்த ரப்பர் வட்டத்தை மூடியின் மேல் வைத்தார்.

"அப்ப ஒரிஜினல் மெஷின்ல இது கிடையாது."

"கெடயாது."

"நல்லதாப் போச்சு, இப்பவே சொன்னீங்க. அங்க பழைய கேட்டலாக்கை எடுத்துப் பாத்திருந்தான்னா மாட்டியிருப்போம்." அரவிந்தவல்லி பக்கம் திரும்பினார். "அந்த வரிய அடிச்சிடும்மா."

சக்ரபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாய மூடிண்டு இருக்கப்படாதோ தாவீது நீ?"

"நான் இன்னா சார் தப்பாச் சொன்னேன்? அவன் மெஷின்ல இல்லாதது நம்ம மெஷின்ல கீது. நம்மது ஒசத்தி. அத எழுதுங்களேன்."

"அப்படி எழுத முடியாதுங்க" என்றார் ரகுநந்தன். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு சொல்லித் தருகிறவர் மாதிரி சொன்னார். "ஜோடியில இல்லாத ஒண்ணு நம்மகிட்ட இருந்தா, அது என்ன, எதுக்கு, அதனால புதுசா ஏதும் ஆபத்து வராதான்னு தனியா ருசுவாக்கணும். லேப் டெஸ்ட். டாக்டர்கள் ரிப்போர்ட். ஒரு வருஷமாகும். வாங்கறவன் டிசம்பர் வரைக்கும்தான் டயம் கொடுத்திருக்கான்."

"ரிப்போர்ட்டு எதுக்கு? நான் சொல்றனே."

"நீங்க சொன்னா எப்படிங்க? அந்தக் குழந்தை விஷயம் பேப்பர்ல எங்கயாவது இருக்கா?"

தாவீது யோசித்தார். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் அன்றைக்கு மூச்சுத் திணறல் என்று எழுதினார்கள். அவருக்குத் தெரியும், டாக்டரம்மா சொல்ல நர்சு எழுதும்போது அவர் அங்கேதான் நின்றிருந்தார்.

"இல்ல" என்றார்.

"அப்ப வால்வை எடுத்துடலாம் சார்" என்று ரகுநந்தன் மேனேஜரிடம் சொன்னார். "ரெண்டுலேருந்தும். அப்ப ரெண்டும் சமம். எந்தக் கேள்வியும் வராது."

"எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் எடுத்தா?"

"உங்களால ரெண்டு மாதிரி பண்ண முடியுமா?"

சக்ரபாணி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். ஒரே ஷெட், ஒரே லைன். "முடியாது" என்றார்.

"தோலு காயும் சார்" என்றார் தாவீது. "இன்னிக்கு இல்ல. ரெண்டு வருசத்துல காயும்."

"அங்க குளிர்ப் பிரதேசம்தானேப்பா. காயாது."

"இங்க விக்கறது?"

ரகுநந்தன் பழைய மூடியைத் தாவீது பக்கம் நகர்த்தினார். அந்த வட்டத்தைத் தாங்கியிருந்த பித்தளை வளையத்தை எப்படிக் கழற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இடது புரி போட்டது. தாவீது அன்றைக்கு வேறு யாரும் கழற்றக் கூடாது என்றே அப்படிப் போட்டிருந்தார். ஸ்பானரை வாங்கி, வலது பக்கம் திருப்பிக் கழற்றிக் கொடுத்தார். திரும்ப மிதிக்கச் சொன்னார்கள். முள் ஏறி அதே இடத்துக்கு வந்தது. காலை எடுத்ததும் குழாய் நுனியிலிருந்து உள்ளங்கையில் ஒரு ஊது ஊதிற்று.

"திரும்பி அடிக்குது. எழுதிக்கம்மா" என்றார்.

"அது வேண்டாம்" என்றார் ரகுநந்தன். "முள் மட்டும் போதும்."

பெஞ்சுக்கு விஷயம் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் தாவீது உள்ளே வந்தபோது நான்கு பேரும் உப்புத்தாளைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாண்ணே" என்றாள் ராஜம்மா. "பெரிய இஞ்சினீரு வராரு, ஸ்டூல் போடுங்கடி. அமெரிக்காக்காரன் இல்ல நான்தான்னு மார தட்டினியாமே?"

"உள்ளதச் சொன்னேன்."

"சொல்லி இன்னா கெடச்சுது? மெடலு குத்தினாங்களா? எங்க, காட்டு பாக்கலாம்."

தாவீது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். செல்லம்மாள் என்று ஒருத்தி, பெஞ்சின் கடைசியில் உட்காருகிறவள், அழ ஆரம்பித்தாள். சந்திரம்மாள் அவளை அதட்டினாள்.

"அழுவாதடி. இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லல." பிறகு தாவீதிடம் வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் நடந்தாள். "அண்ணே. நெசமாவே பெஞ்ச எடுத்துருவாங்களா?"

"எடுத்துருவாங்க."

"பேக்கிங்குல போடமாட்டாங்களா?"

"பேக்கிங்குல ஆளு ஜாஸ்தின்னு போன மாசமே சொல்லிகினு இருந்தாங்க. பொய் சொல்லி உன்ன உக்கார வெக்க எனக்குத் தெரியாது சந்திரம்மா."

"நேத்து மட்டும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ண்ணே. சொல்லக்கூட வேணாம். சும்மா இருந்திருக்கலாம்."

அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. தாவீது பெடலைக் காலால் தேடினார். அன்றைக்கு அவர் மிதித்த முதல் பம்பில் முள் எங்கே நின்றது என்று பார்க்க மறந்து, மறுபடியும் மிதித்தார்.

சனிக்கிழமை வரைக்கும் அவர்களை வேலை வாங்கினார்கள். திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று சூபர்வைசர் முனிரத்தினம் வந்து சொன்னான். தாவீதின் வேலைக்கு ஒன்றும் வரவில்லை. அட்டையில் மட்டும் இரண்டாவது கட்டத்தை எடுத்துவிட்டார்கள். குழாயைக் கையில் வைத்து ஐந்து எண்ண வேண்டியதில்லை என்றதும் நாளுக்கு நாற்பது பம்பு அறுபதாயிற்று. புதுத் தோல் எதுவும் திருப்பி அடிக்கப்போவதில்லை. இருந்தாலும் அவர் பழக்கத்தில் குழாயைக் கையில் எடுப்பார். முனிரத்தினம் தூரத்திலிருந்து சீக்கிரம் என்று கை தட்டுவான்.

நவம்பரில் அனுமதிக் கடிதம் வந்தது. ஆபீசில் கேசரி கொடுத்தார்கள். அதற்கு நாலு நாள் கழித்துச் சந்திரம்மாள் கேட்டில் வந்து நின்றாள்.

சூளைக்குத் திரும்பிப் போய் ஒரு வாரம் கல் சுமந்ததில் மறுபடியும் படுத்து எழுந்திருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. பூந்தமல்லி பக்கம் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்களாம். உட்கார்ந்த வேலை. ஆனால் ரப்பர் தேய்த்துப் பழக்கம் உண்டு என்று முன்னால் வேலை பார்த்த இடத்திலிருந்து சர்ட்டிபிகேட் கேட்கிறார்களாம். நாளைக்குக் கடைசி நாள். முந்தாநாளே ஆபீசுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

தாவீது பெடலை விட்டுவிட்டு அவளோடு ஆபீசுக்குள் போனார். சக்ரபாணி வெளியே போயிருந்தார். கையெழுத்துப் போட்ட தாள் அரவிந்தவல்லியிடம் தயாராக இருந்தது.

"இந்தாங்க சந்திரம்மா. நேத்தே அடிச்சு வெச்சுட்டேன்."

"இன்னா எழுதிகீதும்மா? படிச்சுச் சொல்லு" என்றார் தாவீது.

அரவிந்தவல்லி தமிழில் சொன்னாள். "எண்பத்தேழு அக்டோபர்லேருந்து தொண்ணூத்தொண்ணு ஆகஸ்ட் வரைக்கும் எங்க கம்பெனியில பொது உதவியாளரா இருந்தாங்க. கூட்டறது, தண்ணி பிடிக்கறது, சாமான் எடுத்து வெக்கறது. நடத்தை நல்ல நடத்தை."

சந்திரம்மாள் தாவீதைப் பார்த்தாள். அவர் அரவிந்தவல்லியைப் பார்த்தார்.

"கூட்டறதா? ஒரு நாளு வெளக்கமாறு புடிச்சாளா இவ? நாலு வருசம் ரப்பர் தேச்சா. ஜன்னல் வழியா தெனம் நீங்க பாத்தீங்களே."

"எனக்குத் தெரியாதா? முதல்ல வால்வு செக்‌ஷன்னுதான் அடிச்சேன். மேனேஜர் சார் கிழிச்சுட்டார்."

"ஏன்?"

"நம்ம பம்புல வால்வே கிடையாதுன்னு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருக்கு. எப்பவும் இருந்ததில்லேன்னு. பழைய டிராயிங், சாமான் லிஸ்ட் எல்லாத்தையும் ரகுநந்தன் சார் மாத்திட்டார். இப்ப லெட்டர் பேடுல வால்வு செக்‌ஷன்ல ஒருத்தர் நாலு வருஷம் வேலை பார்த்தார்னு கொடுத்தா, நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"ரப்பர்னு மட்டும் போட்டுக் குடும்மா" என்றாள் சந்திரம்மாள். "வால்வுன்னு வேணாம். ரப்பர்னு ஒரு வார்த்த."

"ரப்பர் சாமானே லிஸ்ட்ல குழாய் மட்டும்தான். அதை வெளியிலேருந்து வாங்கறோம்." அரவிந்தவல்லி மேஜை டிராயரைத் திறந்து மூடினாள். "என்னால முடியாது சந்திரம்மா. சத்தியமா. இருந்தா செஞ்சிருக்க மாட்டேனா?"

வெளியே லாரி பின்னால் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. முனிரத்தினம் யாரையோ கத்திக்கொண்டிருந்தான். தாவீதுக்கு வாயில் நிறைய வார்த்தை இருந்தது. உள்ளதைச் சொல்வதென்றால் இங்கேயும் சொல்லலாம். யார் எழுதிக்கொள்வார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

"சரி குடு" என்றாள் சந்திரம்மாள். "கம்பெனி பேராவது கீதே அதுல."

அரவிந்தவல்லி ரிஜிஸ்டரை விரித்து, அவள் பெயருக்கு எதிரே கட்டத்தைக் காட்டினாள். "வாங்கிண்டதுக்குக் கையெழுத்து."

"கைநாட்டுதான்ம்மா."

மைப் பெட்டியைத் திறந்து, அவள் இடது கட்டை விரலைப் பிடித்து உருட்டிக் கட்டத்தில் வைத்தாள். எடுத்தபோது நீலமாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. ஒரு ரேகைகூட.

"மை ஜாஸ்தி போல" என்று அரவிந்தவல்லி பழைய துணியில் விரலைத் துடைத்துவிட்டு, லேசாகத் தொட்டு இன்னொரு தடவை வைத்தாள். அதே வட்டம்.

"இந்தக் கை வெச்சுப் பாருங்க."

வலது கட்டை விரலும் அப்படியே விழுந்தது, அழுத்தமாக, மொழுமொழுவென்று. அரவிந்தவல்லி அந்த விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், ரிஜிஸ்டரில் மூன்று நீல வட்டத்துக்கும் பக்கத்தில் இடம் தேடிக்கொண்டே சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் அழுத்தும்மா. ரேகை விழணும். இல்லேன்னா வேற யாரோ வெச்சதுன்னு சொல்லிடுவா."